ருஷ்ய இலக்கிய வட்டம், யாழ்ப்பாணம்

லா சப்பல், பாரிஸ்
06.12.2009

அன்பின் கோசலைக்கு,

நீரும் தர்மிளாவும் முகாமை விட்டு வந்து, குருநகரில் லாசரின் அக்கா பேர்ளி வீட்டில் இருக்கிறீர்கள் என்ற செய்தியைத் தவரத்தினம்தான் கொண்டுவந்தார். அப்போது நான் வேலையில் இருந்தேன். உமக்குத் தெரியுமோ தெரியாது, இங்கே ஒரு தமிழ் அச்சகத்தில் எழுத்தடிக்கிறேன். கலியாணக் காட், சாமத்தியச் சடங்கு அழைப்பு, மரண அறிவித்தல். இந்த மே மாதத்துக்குப் பிறகு முதல் இரண்டும் குறைந்து கடைசி ஒன்றுதான் வேலையாகிவிட்டது. தவரத்தினம் வாசலில் நின்றபடி, "குகன், கோசலை வெளியிலை வந்திட்டாவாம். மகளும்தான்" என்றார். மூன்றாவது பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லாசரைப் பற்றி இங்கே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் எதையும் காதில் வாங்கவில்லை. நீர் சொல்வதைத்தான் நம்புவேன். சொல்ல முடிகிறபோது சொன்னால் போதும்.

எங்கள் வட்டத்தை நான் இங்கே கைவிடவில்லை. தொண்ணூற்றொன்றில் தவரத்தினத்தின் பலசரக்குக் கடை நிலவறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே தொடங்கினோம். அந்த நாட்களில் படிக்கட்டிலும் ஆட்கள் இருப்பார்கள். வாதம் முற்றிக் கடைசி ரயிலைத் தவறவிட்டுப் புறநகர் பொண்டிவரை நடந்து போனவர்களும் உண்டு. பிறகு வீடு, பிள்ளைகள், இரண்டாவது வேலை என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இப்போது நான், தவரத்தினம், மர்கரீத் அம்மா மூவரும்தான். மர்கரீத் அம்மா பாண்டிச்சேரிக்காரர். இங்கே தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். ருஷ்யக் கதைகளை அவர் பிரெஞ்சில் வாசித்துவிட்டு வருவார், நாங்கள் தமிழில் வாசித்துவிட்டுப் போவோம். இரண்டும் ஒரே கதைதானா என்றே சில நாள் சண்டை வரும்.

ஒன்று கேட்கப்போகிறேன். இந்த நேரத்தில் இதைக் கேட்பதா என்று என் மனைவி சுபாங்கி என்னைக் கடிந்துகொண்டாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. வட்டத்தின் வரலாற்றை எழுதி அச்சிட நினைக்கிறேன். யோன் மாஸ்ரர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை மாடியில் தொடங்கிய நாளிலிருந்து நான் எழுதுவேன். எண்பத்தேழில் நான் வெளிக்கிட்ட பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. வன்னியில் லாசர் வட்டத்தை நடத்திய காலத்தை எழுத உம்மைத் தவிர ஒருவரும் இல்லை.

அவசரமில்லை. உமது கையெழுத்தைக் கண்டாலே போதும்.

உங்கள் மூவர் நினைவோடும்,
குகதாசன்


குருநகர், யாழ்ப்பாணம்
24.01.2010

அன்பின் குகதாசன் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத இவ்வளவு நாள் சென்றதற்குக் குறை நினைக்காதீர்கள். மச்சாள் வீட்டில் தொலைபேசி இருக்கிறது. ஆனால் கதைத்தால் அழுதுவிடுவேன். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம்.

இவரைப் பற்றி நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

பாலம் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த பிறகு எல்லோரையும் ஒரு வெட்டைவெளியில் இருத்தினார்கள். ஒலிபெருக்கியில், இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், பதிந்தால் விட்டுவிடுவோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இவர் துவக்கைத் தொட்டவரும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இயக்கத்தின் பாடப்புத்தகங்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர். "நான் போகாமல் இருந்து பிறகு ஆரும் காட்டிக்குடுத்தால் பிழையாப் போயிடும். உள்ளதைச் சொல்லிப்போட்டு வாறன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அண்ணை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. "பிள்ளைக்குத் தண்ணி எடு" என்றார். நான் தண்ணீர் வரிசையில் நின்றபடி பார்த்தேன். பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. என்னைக் கண்டு கை காட்டினார். நானும் போத்தலைத் தூக்கிக் காட்டினேன். பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. எல்லா முகாம் வாசலிலும் கேட்டுவிட்டேன். பெயர் இல்லை என்கிறார்கள். பெயர் இல்லை என்பது ஆள் இல்லை என்பதாகாது, இல்லையா?

வரலாற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். இங்கே ஒவ்வொரு கந்தோரிலும், "ஆர் இவர், என்ன வேலை செய்தவர்?" என்று கேட்கிறார்கள். நான் சொல்வதை அரைவாசியில் நிறுத்தி அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். இவர் யார் என்று முழுதாகச் சொல்ல எங்காவது ஓர் இடம் வேண்டும். எழுதுகிறேன்.

எனக்காக நீங்களும் ஒன்று செய்யுங்கள். உங்களிடம் அந்த நாட்டுக் குடியுரிமை இருக்கிறது, மொழி இருக்கிறது. இவருடைய பெயரை அங்கேயுள்ள இடங்களில் கொடுங்கள். படம் ஒன்று வைத்திருக்கிறேன். வட்டத்தின் பத்தாவது ஆண்டுக் கூட்டத்தில் எடுத்தது. நீங்களும் பக்கத்தில் நிற்கிறீர்கள். இவரை மட்டும் வெட்டிக் கொடுக்கலாம்.

அன்புடன்,
கோசலை லாசர்


லா சப்பல், பாரிஸ்
18.04.2010

அன்பின் கோசலைக்கு,

படம் கிடைத்தது. வெட்டவில்லை, லாசரின் முகத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்தேன்.

பாரிசில் கொடுக்க வேண்டிய இடங்களில் கொடுத்தாயிற்று. விண்ணப்பத்தை மர்கரீத் அம்மாதான் பிரெஞ்சில் எழுதினார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். "லாசர் மொழிபெயர்ப்பாளராக இருந்தார்" என்றேன். பேனாவை வைத்துவிட்டார். "இருந்தாருன்னு எழுதக் கூடாது தம்பி. இருக்காரு. இருந்தாருன்னு நாமே எழுதிட்டா அவுங்க தோசியேவ மூடிடுவாங்க" என்றார். நாற்பது வருடம் அரசாங்க வேலையில் கோப்புகளோடு இருந்தவர். விண்ணப்பம் முழுவதும் நிகழ்காலத்தில்தான் இருக்கிறது.

ஜெனீவாவுக்கும் போனேன். தவரத்தினம் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். காணாமற்போனவர்களைப் பதிகிற கந்தோரில் நம்மவர்கள் படங்களோடு சுவரோரம் நின்றார்கள். எங்கள் முறை வந்தபோது ஓர் இளம்பெண் விபரம் எடுத்தாள். தொழில் கேட்டாள், மொழிபெயர்ப்பாளர் என்றேன். எந்த மொழியிலிருந்து என்றாள். ருஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு என்றேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதினாள். விசாரித்து அறிவிப்பதாகச் சொன்னாள்.

திரும்பும்போது ரயிலில் தவரத்தினம் கேட்டார்: "ஏன் குகன், நாங்கள் இந்த ருஷ்யாக்காரரை ஏன் வாசிச்சனாங்கள்?" கொழும்புக் கதைகளை விட அவை எங்களுக்குக் கிட்டவாக இருந்தன. பனியும் குதிரை வண்டியும் ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தக் கந்தோர்களில் காத்து நின்ற மனிதர்களைத் தெரிந்தது.

என் பங்கில் முதல் பத்து ஆண்டுகளை எழுதிவிட்டேன். யோன் மாஸ்ரர் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடங்கல் இல்லாமல் தமிழில் சொல்வது, கீழே சைக்கிள் கடையில் சுத்தியல் சத்தம் கூடும்போது அவர் கதையை நிறுத்திக் காத்திருப்பது, நீர் முதன்முதல் வந்த அன்று பெண்கள் இருக்க வேறு கதிரை இல்லாமல் லாசர் எழும்பிக் கொடுத்தது. பிறகு அவன் எழும்பி நின்றபடியே எத்தனை கூட்டம் கேட்டான்.

சீலன் கதையையும் எழுதிவிட்டேன். எண்பத்தாறில் எங்கள் சீலனைச் சுட்டார்கள். யார் சுட்டது என்று மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும், சுட்ட இயக்கத்தின் ஆட்களில் ஒருவன் எங்களோடு அமர்ந்து கதை கேட்டவன். அடுத்த கூட்டத்தில் சீலனுக்கு அஞ்சலி என்று ஒரு வரி எழுத ஒருவருக்கும் துணிவு வரவில்லை. சீலனின் கதிரையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கதை வாசித்தோம். மாஸ்ரர் அதற்குப் பிறகு வரவில்லை. இந்த வரலாற்றில் அதை மறைக்க மாட்டேன்.

உமது பகுதிக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
குகதாசன்


குருநகர், யாழ்ப்பாணம்
15.08.2010

அன்பின் குகதாசன் அண்ணைக்கு,

இத்துடன் வன்னிக் காலத்தை எழுதி அனுப்புகிறேன். ஒழுங்காக எழுத வரவில்லை. நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் எதையும் அழகாக்க வேண்டாம்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுவதும் வெளிக்கிட்டபோது மற்றவர்கள் சட்டி பானை கட்டினார்கள். இவர் வட்டத்தின் புத்தகங்களை அரிசிச் சாக்கில் போட்டுச் சைக்கிளில் கட்டினார். தர்மிளா என் இடுப்பில். நான் வழி முழுவதும் இவரைத் திட்டிக்கொண்டு நடந்தேன். கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் பின்னறையில் மறுபடி வட்டம் தொடங்கினார். ஆட்கள் வந்தார்கள், அண்ணை. ஆசிரியர்கள், தாதிமார், காலை இழந்து வந்த பிள்ளைகள். மின்சாரம் இல்லை, பின்னேரமே கூட வேண்டும். ருஷ்ய அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு இவர் தானாக மொழிபெயர்த்தார். ஒரு சொல்லுக்காக நாள் முழுவதும் கதைக்காமல் இருப்பார். நான் சோறு போட்டுவிட்டுக் கேட்பேன், "சொல் வந்துதோ?" "இல்லை" என்பார். சோற்றையும் விட்டுவிடுவார்.

போரின் கடைசி வருடம் ஊர் ஊராக ஓடினோம். ஒவ்வோர் இடத்திலும் சில புத்தகங்கள் விடுபட்டன. கடற்கரையோரம் வந்து சேர்ந்தபோது சாக்கில் கால்வாசிதான். பதுங்குகுழியில் அயல் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். பனிப்புயலில் வழி தவறிய ஒரு வண்டிக்காரன் கதை. மூலத்தில் அவன் விறைத்துச் சாகிறான். இவர் ஒவ்வொரு முறையும் அவனை ஏதாவது வெளிச்சம் தெரிகிற வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். "பொய் மொழிபெயர்ப்பு" என்று நான் சொன்னேன். "இப்ப இதுதான் சரியான மொழிபெயர்ப்பு" என்றார்.

பிறகு விறகு இல்லை. கஞ்சி காய்ச்ச வேண்டும். நான் கேட்கவில்லை, இவராகவே சாக்கை அவிழ்த்தார். முதலில் முன்னுரைகளைக் கிழித்தார். "முன்னுரையை ஒருத்தரும் வாசிக்கிறேல்லைத்தானே" என்று சிரித்தார். முன்னுரைகள் முடிந்தன. பிறகு கதைகள். நல்ல தாள், அண்ணை. புகை இல்லாமல் எரிந்தது. அயல் வீட்டாருக்கும் கொடுத்தோம். யாழ்ப்பாணம் ருஷ்ய இலக்கிய வட்டத்தின் நூலகம் அப்படித்தான் முடிந்தது.

இதையெல்லாம் வரலாறு என்று போடுவீர்களோ தெரியாது.

தர்மிளா படிக்கத் தொடங்கிவிட்டாள். என்னோடு அதிகம் கதைப்பதில்லை. பின்னேரங்களில் நான் படத்தை எடுத்துக்கொண்டு மற்றப் பெண்களோடு அரசாங்க அதிபரின் கச்சேரி வாசலில் நிற்கப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்புடன்,
கோசலை லாசர்


லா சப்பல், பாரிஸ்
20.03.2011

அன்பின் கோசலைக்கு,

நீர் அனுப்பியதை நிலவறையில் வாசித்தேன். முன்னுரையைக் கிழித்த இடத்தில் தவரத்தினம் எழும்பி மேலே போய்விட்டார். கடையில் ஆள் வந்திருக்கிறது என்றார். ஒருவரும் வரவில்லை. ஒரு எழுத்தையும் நான் மாற்றவில்லை.

ஜெனீவாவிலிருந்து பதில் வந்தது. தகவல் இல்லை, கோப்பு திறந்தே இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து எழுதப்போவதை இரண்டு கிழமையாக எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். உம்மிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

வலன்ரைன் என்று ஒருவர். முல்லைத்தீவுப் பக்கம். தாய்லாந்து வழியாக வந்து, அகதி வழக்குக்குப் பிரதி எடுக்க அச்சகத்துக்கு வந்தார். நான் கணினித் திரையில் லாசரின் படத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்து, "இந்த ஐயாவை எனக்குத் தெரியும்" என்றார்.

தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போய் இருத்திக் கேட்டேன்.

"ஐயா என்னோடை ஒரே பஸ்ஸிலைதான் வந்தவர். பின் சீற்றிலை இருந்த பெடியள் அழ, அவங்களுக்கு என்னவோ கதை சொல்லிக்கொண்டு வந்தவர். வழியிலை ஒரு வளவுக்குள்ளை பஸ்ஸை விட்டவங்கள். பேர் கூப்பிட்டு ஒவ்வொருத்தராய் இறக்கினவங்கள். எங்கை கொண்டுபோறீங்கள் எண்டு ஐயா இங்கிலிசிலை கேட்டவர். அவரையும் இறக்கினவங்கள். மிச்சப் பேரோடை பஸ் வெளிக்கிட்டுட்டுது."

"பிறகு?"

"பிறகு நான் காணேல்லை அண்ணை. நான் மூண்டு முகாமிலை இருந்தனான். அந்த வளவிலை இறக்கின ஒருத்தரையும் ஒரு இடத்திலையும் காணேல்லை."

இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கோசலை, நான் உமக்கு மூத்தவன். லாசர் என் கூடப்பிறவாத சகோதரன். உமக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், கை வரவில்லை. நீராகவே விளங்கிக்கொள்ளும்.

குகதாசன்


குருநகர், யாழ்ப்பாணம்
05.06.2011

அன்பின் குகதாசன் அண்ணைக்கு,

வலன்ரைனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பஸ்ஸில் அழுத பிள்ளைகளுக்குக் கதை சொன்னார் என்று கேட்டபோது அது இவர்தான் என்று தெரிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு இவரைப் பற்றி உண்மையான ஒரு செய்தி. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

நீங்கள் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது எனக்கு விளங்கியது. ஆனால் அண்ணை, வலன்ரைன் கண்டது இறக்கினதை. இறந்ததை அவர் காணவில்லை. இரண்டுக்கும் இடையில்தான் நான் இருக்கிறேன். அந்த இடம் சின்னதுதான். எனக்கு அது போதும்.

போன மாதம் கிராம அலுவலர் வந்தார். நல்ல மனிதர். கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அம்மா, மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லா அலுவலும் லேசாய் முடியும். கையெழுத்துத்தான்" என்றார். "ஆருடைய மரணம்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அவர் போன பிறகு தர்மிளா சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, அப்பா இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். எனக்கு அப்பாவுக்காக அழ வேணும். நீங்கள் என்னை அழ விடுறீங்கள் இல்லை."

இந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன்? நான் சைவமாகப் பிறந்து இவருக்காகக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பொதுவானவள். மச்சாள் ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம் என்கிறா. செத்தவர்களுக்கான பூசை வேண்டாம், காணாமற்போனவர்களுக்கு என்று ஒரு பூசை இருந்தால் சொல்லுங்கள் என்றேன். இல்லையாம்.

வரலாறு எப்போது அச்சாகும்? அதை நினைத்தால் மட்டும் மனம் கொஞ்சம் நிமிர்கிறது. அதிலாவது இவர் இவராக இருப்பார்.

அன்புடன்,
கோசலை லாசர்


லா சப்பல், பாரிஸ்
11.11.2012

அன்பின் கோசலைக்கு,

புத்தகம் வந்துவிட்டது. இத்துடன் மூன்று பிரதிகள் அனுப்புகிறேன். இவ்வளவு தாமதமானதற்கு மன்னித்துக்கொள்ளும். நானே எழுத்தடித்து, நானே பக்கம் கட்டி, முதலாளி அச்சகத்தில் இல்லாத நேரங்களில் அச்சிட்டேன்.

வெளியீட்டை இங்கே ஒரு சின்ன மண்டபத்தில் செய்தோம். பழைய ஆட்கள் சிலர் லெ பிளாங்-மெனிலிலிருந்தும் சென் தெனியிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளின் நடன வகுப்புக்கு நேரமாகிறது என்று இடையில் எழும்பினார்கள். தவரத்தினம் இருந்து கடைசி வரை கேட்டார். சென்ற மாதம் கடையை விற்றுவிட்டார். நிலவறையும் போய்விட்டது. இனி வட்டம் எங்கே கூடும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நீர் புத்தகத்தைப் பிரிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

பின்பக்கங்களில் அங்கத்தவர் பெயர்கள் இருக்கின்றன. மறைந்தவர்கள் ஒரு பக்கம், இருப்பவர்கள் ஒரு பக்கம். லாசரை அமரர் லாசர் என்று மறைந்தவர்கள் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானே போட்டேன். எந்நாளும் அடிக்கிற நாலெழுத்துத்தான். அன்று அதை அடிக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போனது. சுபாங்கி பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏன் இந்த வேலை? அவ சொல்லட்டும். அவ சொல்லுமட்டும் விடுங்கோ" என்றாள். நான் கேட்கவில்லை.

மர்கரீத் அம்மா வெளியீட்டன்றுதான் பார்த்தார். மண்டப வாசலில் என்னை நிறுத்தினார். "நான் எழுதின கடுதாசியில இருக்காருன்னு இருக்கு. உங்க புஸ்தகத்துல இல்லைன்னு இருக்கு. ரெண்டுல எது பொய், தம்பி?" என்று கேட்டார். அவர் உள்ளே வராமல் மெற்றோவுக்குப் போய்விட்டார். பிறகு நான் எடுத்த தொலைபேசிக்கும் பதில் இல்லை.

ஏன் செய்தேன் என்று உமக்காவது சொல்ல வேண்டும். சீலன் செத்தபோது அவன் செத்தான் என்று எழுதப் பயந்தோம். எழுதாமல் விட்டதால் அவன் செத்தது யாருடைய பிழையும் இல்லாமல் போய்விட்டது. லாசரையும் அப்படி விட என்னால் முடியவில்லை. காணவில்லை என்று எழுதினால் அவன் தானாக எங்கோ போனவன் போலிருக்கிறது. ஒரு மனிதனைக் கொன்றிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். நம்புவதை எழுதினேன்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு வயது போகிறது. அவனுக்காக ஒரு நாளாவது எழும்பி நின்று மௌனமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மண்டபத்தில் நின்றோம்.

என்னைத் திட்டி எழுதும். எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம்.

என்றும் உங்கள்,
குகதாசன்


குருநகர், யாழ்ப்பாணம்
27.01.2013

குகதாசன் அண்ணைக்கு,

புத்தகம் கிடைத்தது. பொதியைத் தர்மிளாதான் பிரித்தாள். நான் அப்போது வீட்டில் இல்லை, படத்தோடு கச்சேரி வாசலில் நின்றேன். உங்கள் கடிதத்தை வாசிக்கும் முன்னரே அவள் பின்பக்கத்தைக் கண்டுவிட்டாள்.

நான் வந்தபோது மச்சாளும் அவளும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அயலவர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் கதிரைகளை இழுத்துப் போட்டார். ஒருவர் தேநீர் வைத்தார். என்னைக் கண்டதும் பெண்கள் எழும்பி வந்து என் கைகளைப் பிடித்தார்கள். என் கையில் இவருடைய படம் இருந்தது. அதை ஒருவர் வாங்கி மேசையில் வைத்து மெழுகுதிரி கொளுத்திவிட்டார். நான் தடுக்கவில்லை. அத்தனை பேர் அழும்போது நான் மட்டும் என்ன சொல்வேன்? செத்த வீட்டில் நடப்பதெல்லாம் நடந்தது. மூன்று வருடம் கதவை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்பக்கத்தால் திறந்துவிட்டீர்கள்.

தர்மிளா புத்தகத்தைத் தேவாலயத்துச் சுவாமியிடம் கொண்டுபோனாள். அச்சில் வந்திருக்கிறது என்று காட்டினாள். பூசை ஒப்புக்கொடுத்தார்கள். நான் போகவில்லை. அவள் திரும்பி வந்து என் மடியில் படுத்து நித்திரை கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்த நாளுக்குப் பிறகு அவள் அப்படி நித்திரை கொண்டதை நான் காணவில்லை. அதனால் நீங்கள் செய்தது முழுக்கப் பிழை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு அதிகம் நோகிறது.

அவளுக்கு மே மாதத்தில் கலியாணம். மன்னார்ப் பொடியன், நல்ல பிள்ளை. அழைப்பிதழில் அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று இனி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. உங்கள் புத்தகத்தைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் மறுபடி கச்சேரி வாசலுக்குப் போனேன். எங்களோடு நிற்கிற ஒரு பெண், நல்லவ, குற்றம் சொல்கிற ஆள் இல்லை. மெதுவாகக் கேட்டா: "அக்கா, உங்கடை ஆள் மோசம் போனது உறுதியாம் எண்டு பாரிசிலை புத்தகம் வந்திட்டுதாமே. நீங்கள் ஏன் இன்னும் வெயிலுக்கை நிக்கிறியள்?" சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை. அந்த வரிசையில் எனக்கு இருந்த இடம் போய்விட்டது, அண்ணை. வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன். சமைக்கிறேன். கூட்டுகிறேன். பின்னேரமாகிறது.

சீலனை எழுதாமல் விட்ட பிழையை நீங்கள் திருத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கும் சீலனுக்கும் உள்ளது. அதற்கு இவரை ஏன் எடுத்தீர்கள்? நான் எழுதிய பக்கங்களில் ஒன்றையும் மாற்றவில்லை என்றீர்கள். உண்மைதான், ஒரு எழுத்தும் மாறவில்லை. நூலகம் எரிந்தது, வண்டிக்காரன் வெளிச்சத்துக்குப் போய்ச் சேர்ந்தது, எல்லாம் நான் எழுதியபடியே இருக்கிறது. கோபத்தில் இதை எழுதவில்லை. கோபப்பட எனக்கு இப்போது ஆளும் இல்லை, பலமும் இல்லை.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். இருக்கிற அங்கத்தவர்கள் என்ற பக்கத்தில், யாழ்ப்பாணம் என்று தலைப்புப் போட்டு அதன் கீழே என் பெயர் மட்டும் தனியாக நிற்கிறது. இன்னொரு முறை அச்சிட்டால் அதை எடுத்துவிடுங்கள். எந்தப் பக்கத்திலும் போட வேண்டாம்.

இனிக் கடிதம் வேண்டாம்.

கோசலை